சீருடை களைந்த மாணவர்கள்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் அரசு உதவியோடு படிக்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் 'சான்றளிக்கும் அலுவலர்' என்று ஒருவர் இருப்பார். பதிவாளர் அலுவலகத்திலோ நிதியுதவிப் பிரிவிலோ அவருக்கு ஒரு மேசை இருக்கும். செமஸ்டர் தொடங்கியதும் ஒவ்வொரு முன்னாள் வீரரும் எத்தனை கிரெடிட் எடுத்திருக்கிறார், வகுப்பு நேரிலா இணையத்திலா, என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடிகிறது, கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் மத்திய அரசின் படைவீரர் நலத்துறைக் கணினியில் ஏற்றுவது இவர் வேலை. அது ஏறினால்தான் கட்டணம் கல்லூரிக்கு வரும், மாணவரின் கணக்கில் வீட்டு வாடகைப்படி விழும். தேதி ஒன்று தவறாக ஏறினால் ஒரு குடும்பம் அந்த மாத வாடகைக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

படைவீரர் கல்வி பற்றிய எழுத்தில் பெரும்பகுதி, அவர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்ற 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெருமையைப் பேசுகிறது. அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் எண்பது ஆண்டுக் கதையைத் தொடர்ந்து படித்து வந்தால் ஒன்று தெளிவாகிறது. சட்டம் தரும் பணம் ஒருவரை வளாகத்தின் வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும். அவர் பட்டம் வாங்குவாரா, பாதியில் போவாரா என்பது உள்ளே இருக்கும் ஏற்பாடுகளைப் பொறுத்தது. அவருக்காகத் தன்னை மாற்றிக்கொள்ளப் பல்கலைக்கழகம் முன்வந்த இடங்களில் அவர் நிலைத்தார். அந்த மாற்றம் பின்னால் வந்த மற்றவர்களுக்கும் பயன்பட்டது.

சட்டம் பிறந்ததற்குக் கருணை மட்டும் காரணமில்லை, பயமும் காரணம். முதல் உலகப்போரில் சண்டையிட்டவர்களுக்கு 1945இல் தருவதாகச் சொல்லியிருந்த போனஸை, பெருமந்தத்தில் வேலையிழந்து நின்ற அவர்கள் 1932இல் முன்கூட்டியே கேட்டார்கள். பல்லாயிரம் பேர், பலர் மனைவி மக்களோடு, வாஷிங்டனுக்கு வந்து அனகோஸ்டியா ஆற்றோரம் குடிசை போட்டுத் தங்கினார்கள். ஜூலை 28 அன்று ஜெனரல் டக்ளஸ் மக்ஆர்தரின் துருப்புகள் அவர்களை விரட்டின. குடிசைகள் எரிந்தன. சொந்த நாட்டுப் படையே சொந்த நாட்டு வீரர்களை விரட்டிய அந்தக் காட்சியை அரசியல்வாதிகள் மறக்கவில்லை. அடுத்த போரில் சீருடை அணிந்தவர்கள் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர். அவர்கள் ஒரே நேரத்தில் வேலை தேடி வந்தால் என்ன ஆகும்? அமெரிக்கன் லீஜன் என்ற படைவீரர் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஹாரி கோல்மரி, வாஷிங்டன் மேஃப்ளவர் ஹோட்டலில் அமர்ந்து ஹோட்டல் காகிதத்திலேயே ஒரு வரைவை எழுதினார். 1944 ஜூன் 22 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம் அதிலிருந்து வளர்ந்ததுதான். முறையான பெயர் நீளமானது. மக்கள் வாயில் அது 'ஜி.ஐ. பில்' ஆயிற்று.

ஆண்டுக்கு 500 டாலர்வரை கல்விக் கட்டணம் தருவதாகச் சட்டம் சொன்னது. அன்று ஹார்வர்டின் கட்டணமே 400 டாலர்தான். செலவுக்கு மாதம் 50 டாலர், குடும்பம் இருந்தால் 75. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதை வீரரே தேர்ந்துகொள்ளலாம். விருப்பத்தை அவரிடமே விட்டதுதான் சட்டத்தின் துணிச்சலான பகுதி.

கல்வியாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், கல்லூரிகள் வேலையற்ற நாடோடிகளின் தங்குமிடங்களாகிவிடும் என்று பத்திரிகையில் எழுதினார். ஹார்வர்டின் ஜேம்ஸ் கோனன்ட்டும் தகுதியில்லாதவர்கள் நுழைந்துவிடுவார்கள் என்று அஞ்சினார். இருவரும் தப்புக்கணக்குப் போட்டிருந்தார்கள். உச்சமான 1947இல் கல்லூரிச் சேர்க்கையில் 49 விழுக்காட்டினர் முன்னாள் வீரர்கள். 1956இல் திட்டம் முடிந்தபோது சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படித்திருந்தார்கள். தொழிற்பயிற்சியும் சேர்த்தால் 78 லட்சம். ஹார்வர்டு கண்ட மாணவர்களிலேயே முதிர்ச்சி மிகுந்தவர்கள் இவர்கள்தான் என்று கோனன்ட்டே பிறகு சொன்னார்.

தங்க இடம்தான் இல்லை. விஸ்கான்சினில் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கமான கேம்ப் ராண்டலுக்குப் பக்கத்தில் டிரெய்லர் வண்டிகளை வரிசையாக நிறுத்திக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். அதுவும் போதாமல், மாடிசனிலிருந்து சுமார் 35 மைல் தள்ளி ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையின் குடியிருப்பு 'பேட்ஜர் வில்லேஜ்' என்ற மாணவர் ஊராயிற்று. அங்கிருந்து தினமும் பேருந்தில் வகுப்புக்கு வந்தார்கள். இல்லினாய் பல்கலைக்கழகம் 1946இல் சிகாகோவின் நேவி பியர் என்ற படகுத்துறையிலேயே வகுப்புகளைத் தொடங்கியது. பல வளாகங்களில் ராணுவத்தின் அரைவட்டத் தகரக் குடில்கள் முளைத்தன. போருக்கு முன்பு மாணவர் திருமணம் செய்துகொள்வதையே பல கல்லூரிகள் விரும்பியதில்லை. இப்போது குடில்களுக்கு நடுவே கொடி கட்டிக் குழந்தைத் துணி காயப்போட்டிருந்தது. முதலாண்டு மாணவர்கள் மூத்தவர்களுக்கு அடங்கிச் சின்னக் குல்லாய் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற பழைய வழக்கத்தை, நார்மண்டியில் கரையேறிவிட்டு வந்தவர்கள் ஏற்க மறுத்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகம் தன் மாலைநேரப் படிப்புப் பிரிவை 1947இல் 'ஸ்கூல் ஆஃப் ஜெனரல் ஸ்டடீஸ்' என்ற முழு இளங்கலைக் கல்லூரியாக மாற்றியமைத்தது. வயது கடந்து படிக்க வருபவர்களுக்கான அந்தக் கல்லூரியில் இன்றும் முன்னாள் வீரர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள்.

இந்தக் காலத்துக் கதைகளில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க் என்ற சிற்றூரில் நடந்தது. அங்கே மேயோ ஜெனரல் என்ற ராணுவ மருத்துவமனை இருந்தது. போர் முடிந்ததும் கூட்டம் தாங்காத இல்லினாய் பல்கலைக்கழகம் அதைக் கிளை வளாகமாக்கியது. மருத்துவமனைக்கெனக் கட்டியது என்பதால் சக்கர நாற்காலி அங்கே ஓடும். முதல் உலகப்போரில் முதுகுத்தண்டு முறிந்தவர்கள் பெரும்பாலும் தொற்று கண்டு விரைவிலேயே இறந்துபோனார்கள். பெனிசிலின் வந்தபின் இரண்டாம் போரில் அப்படி அடிபட்டவர்கள் பிழைத்தார்கள். இருபதைத் தாண்டியிருந்த அந்த இளைஞர்களுக்கு முன்னால் முழு ஆயுள் இருந்தது. படிப்புச் செலவைச் சட்டம் ஏற்றது. படிக்கட்டை யார் ஏற்பது?

1948இல் டிமதி நூஜென்ட் என்ற முன்னாள் வீரர், அவரே அப்போது ஆய்வு மாணவர், கேல்ஸ்பர்க்கில் ஊனமுற்ற மாணவர்களுக்கான திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே மாநில அரசு அந்த வளாகத்தை மூட முடிவெடுத்தது. மாணவர்கள் சக்கர நாற்காலிகளோடு தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய் ஆளுநர் அட்லாய் ஸ்டீவன்சனிடம் முறையிட்டார்கள். வளாகம் தப்பவில்லை. பிறகு அர்பானா தலைமை வளாகத்துக்கே போய், படிகளின் மேல் பலகை போட்டு ஏறிக் காட்டினார்கள். பல்கலைக்கழகம் தயங்கித் தயங்கி, சோதனை முயற்சி என்ற பெயரில் சிலரைச் சேர்த்துக்கொண்டது. நிரந்தர நிதி கிடையாது. பல ஆண்டுகள் நூஜென்ட்டே நன்கொடை திரட்டி நடத்தினார். கட்டடங்களுக்குச் சாய்தளம் வந்தது. நடைபாதை ஓரங்கள் சரிவாக வெட்டப்பட்டன. சக்கர நாற்காலியை ஏற்றி இறக்கும் தூக்கி பொருத்திய பேருந்துகள் வளாகத்தில் ஓடின. 1949இல் அவர் தேசிய சக்கர நாற்காலிக் கூடைப்பந்துச் சங்கத்தைத் தொடங்கினார். யாரும் யாருடைய நாற்காலியையும் தள்ளிவிடக் கூடாது, தானே தள்ளிக்கொண்டு வகுப்புக்கு வர வேண்டும் என்று கறாராக இருந்த மனிதர் அவர். அந்தக் கறார் எல்லோருக்கும் ஒத்துவந்திருக்காது. ஆனால் வந்தவர்களை அவர் நோயாளிகளாக நடத்தவில்லை என்பது அதில் தெரிகிறது.

இதன் பலன் வளாகத்தோடு நிற்கவில்லை. கட்டடங்கள் ஊனமுற்றோர் புழங்கத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பதற்கான அமெரிக்காவின் முதல் தேசியத் தர விதிகள் 1961இல் வெளிவந்தன. அதற்கான ஆய்வை நடத்தியவர் நூஜென்ட், ஆய்வு நடந்த இடம் அர்பானா. 1990இல் வந்த ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துக்கு நெடுங்காலம் முன்பே, எந்தச் சரிவில் நாற்காலி ஏறும், எந்த அகலக் கதவில் நுழையும் என்பதை அந்த மாணவர்கள் தங்கள் உடம்பாலேயே அளந்து சொல்லியிருந்தார்கள். பெட்டி இழுத்துச் செல்பவர்களும் குழந்தை வண்டி தள்ளுபவர்களும் இன்று நன்றி சொல்ல வேண்டியது அவர்களுக்குத்தான். 2015இல் அதே பல்கலைக்கழகத்தில் காயமடைந்த வீரர்களுக்கென்றே தங்குமிடத்தோடு ஒரு மையம் திறந்தார்கள்.

சட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைத்தது என்று சொன்னால் அது பொய். எழுத்தில் நிறம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் மசோதாவைக் கையாண்ட குழுவின் தலைவர், மிசிசிப்பியைச் சேர்ந்த ஜான் ராங்கின், வெளிப்படையான இனவெறியர். நிர்வாகம் மாநிலங்கள் கையிலும் உள்ளூர் அலுவலர்கள் கையிலும் இருக்கும்படி அவரும் தென்மாநிலத்தாரும் பார்த்துக்கொண்டார்கள். தெற்கில் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கவில்லை. கறுப்பினக் கல்லூரிகளோ சிறியவை, ஏழ்மையானவை. இடமில்லை என்று ஆயிரக்கணக்கானோரைத் திருப்பி அனுப்பின. ஒரே போரில் சண்டையிட்ட இருவர் ஒரே சட்டத்தின் கீழ் ஒரே உரிமைச் சீட்டோடு வீடு திரும்பினார்கள். ஒருவருக்கு அது பட்டமாயிற்று. மற்றவரின் சீட்டை வாங்கிக்கொள்ள ஒரு கல்லூரியும் இல்லை. வளாகம் கதவைத் திறக்காவிட்டால் பணத்துக்கு என்ன மதிப்பு என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

பிறகு வந்த போர்களில் சலுகை சுருங்கியது. 1952ஆம் ஆண்டின் கொரியப் போர்ச் சட்டம் கட்டணத்தையும் செலவையும் ஒன்றாக்கி மாதம் 110 டாலர் மட்டும் தந்தது. போலிப் பயிற்சிக் கூடங்கள் அரசுப் பணத்தைக் கறந்தது அம்பலமானதால் வந்த எச்சரிக்கை அது. 1966இல் வியட்நாம் காலத்துச் சட்டம் மாதம் 100 டாலரில் தொடங்கியது. கட்டணம் ஏறிவிட்ட காலத்தில் அதில் பெரிய தனியார் பல்கலைக்கழகத்தின் பக்கம் போக முடியாது. போரை வெறுத்த வளாகங்களில் பல வீரர்கள் தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதையே சொல்லாமல் படித்தார்கள். ஒரு நல்ல காரியம் 1972இல் நடந்தது. கல்லூரிகள் படைவீரர் அலுவலகம் அமைக்க மத்திய அரசு தனியாக மானியம் தந்தது. வளாகத்தில் முன்னாள் வீரர்களுக்கென ஓர் அறை, ஒரு பொறுப்பாளர் என்ற ஏற்பாடு நாடெங்கும் பரவியது அப்போதுதான். காசோலைகள் தாமதமாகி மாணவர்கள் கொதித்ததால் 1974இல் நலத்துறை தன் ஆட்களையே வளாகங்களில் உட்காரவைத்தது. மானியம் வற்றியதும் பல அலுவலகங்கள் மறைந்தன. அடுத்த போரின் மாணவர்கள் வந்தபோது பல கல்லூரிகள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அந்த அடுத்த அலை இராக், ஆப்கானிஸ்தான் வீரர்களுடையது. வியட்நாமில் சண்டையிட்டவரான செனட்டர் ஜிம் வெப் முன்னின்று கொண்டுவந்த புதிய சட்டத்தில் 2008 ஜூன் 30 அன்று ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். 2009 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 36 மாதப் படிப்பு, அரசுப் பல்கலைக்கழகமென்றால் உள்மாநிலக் கட்டணம் முழுவதும், புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர்வரை, கல்லூரி இருக்கும் ஊரின் வாடகை நிலவரத்தை ஒட்டிய மாதப்படி. 1944க்குப் பிறகு இவ்வளவு தாராளமான சட்டம் வந்ததில்லை. அந்த முதல் செமஸ்டரிலேயே நலத்துறை திணறியது. விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்தன, படி வரவில்லை. அக்டோபரில் ஆளுக்கு 3,000 டாலர்வரை அவசரக் காசோலை கொடுத்து நிலைமையைச் சமாளித்தார்கள். 2017இல் கோல்மரியின் பெயரிலேயே வந்த திருத்தச் சட்டம் வாடகைப்படியைக் கணக்கிடும் முறையை மாற்றியது. நலத்துறையின் பழைய கணினி அதைத் தாங்காமல் 2018இல் மறுபடியும் படிகள் தாமதமாயின, பலருக்குத் தப்பான தொகை போனது.

இந்தப் படியின் விதிகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பதினெட்டு வயது மாணவர் பெற்றோர் நிழலில் படிக்கிறார். முன்னாள் வீரரோ பெரும்பாலும் முப்பதை நெருங்கியவர், மனைவியோ கணவரோ உண்டு, பிள்ளைகள் உண்டு. படி மாதம் முடிந்த பிறகுதான் வரும். ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கினால் செப்டம்பர் மாதத்துக்கான முழுப்படி அக்டோபர் தொடக்கத்தில்தான் கைக்கு வரும். செமஸ்டருக்கு இடைப்பட்ட விடுமுறைக்குப் படி கிடையாது. முன்பு தந்தார்கள், 2011இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே டிசம்பர் நடுவில் தேர்வு முடிந்தால் அந்த மாதம் பாதிப்படி, ஜனவரி நடுவில் வகுப்பு தொடங்கினால் அந்த மாதமும் பாதி. வீட்டுக்காரர் பாதி வாடகை வாங்குவதில்லை. எல்லா வகுப்பையும் இணையத்தில் எடுத்தால் தேசியச் சராசரிப் படியில் பாதிதான். அதனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு நேர்வகுப்புக்காகப் பல மைல் ஓட்டி வருபவர்கள் உண்டு. நல்ல படைவீரர் அலுவலகம் இதையெல்லாம் முதல் வாரத்திலேயே எடுத்துச் சொல்லும், திரும்பக் கட்டும்படி ஒரு சிறு அவசர நிதி வைத்திருக்கும்.

கடன் சிக்கல் இதைவிட மோசம். நடுவில் ஒரு பாடத்தைக் கைவிட்டால், அதற்காகக் கட்டிய பணத்தை நலத்துறை நெடுங்காலம் மாணவரிடமே திரும்பக் கேட்டுவந்தது. கணக்குத் தணிக்கை அலுவலகம் 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2014 நிதியாண்டில் இப்படிக் கூடுதலாகக் கொடுத்துவிட்டதாகக் கணக்கான தொகை 41 கோடியே 60 லட்சம் டாலர். சலுகை பெற்ற வீரர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் அதில் சிக்கினார். கட்டணப் பகுதிக்குக் கல்லூரியே பொறுப்பு என்று 2021 தொடக்கத்தில்தான் சட்டம் மாறியது. முதல் தடவை 6 கிரெடிட்வரை கைவிட்டால் காரணம் கேட்காமல் மன்னிக்கும் விதி ஒன்று உண்டு. அது தெரியாமல் பயந்துபோய், தேறவே முடியாத வகுப்பில் கடைசிவரை உட்கார்ந்து தோற்பவர்கள் இருக்கிறார்கள். இத்தனை விதிகளையும் அறிந்து ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டிய சான்றளிக்கும் அலுவலரின் வேலைக்காக, அரசு கல்லூரிக்குத் தரும் தொகை 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 16 டாலர். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு அது. சட்டத்தின் தாராளம் எங்கே முடிகிறது என்பதை இந்த எண்ணைப் போல வேறெதுவும் காட்டாது.

முன்னாள் வீரர்கள் தேறுகிறார்களா என்று அரசிடம் கேட்டால் நெடுங்காலம் பதில் இல்லை. அந்த வெற்றிடத்தில் 2012 வாக்கில் ஒரு வதந்தி புகுந்தது. முன்னாள் வீரர்களில் 88 விழுக்காட்டினர் முதலாண்டிலேயே படிப்பை விட்டுவிடுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஆதாரம் தேடியபோது ஒன்றும் அகப்படவில்லை. 2008இல் மாணவர்களே தொடங்கிய 'ஸ்டூடன்ட் வெட்டரன்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற அமைப்பு நலத்துறையோடும் தேசிய மாணவர் தரவு மையத்தோடும் சேர்ந்து சுமார் 10 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தது. 2014இல் வந்த முடிவின்படி 51.7 விழுக்காட்டினர் பட்டமோ சான்றிதழோ பெற்றிருந்தார்கள். அவர்களில் பலர் நடுவில் மறுபடியும் போருக்கு அழைக்கப்பட்டவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இது நல்ல எண்தான். தங்களைப் பற்றிய பொய்யை அழிக்கத் தாங்களே கணக்கெடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் வருத்தம்.

இவர்கள் கையில் பணம் இருக்கிறது என்று தெரிந்ததும் அதைக் கவர வந்தவர்களும் இருந்தார்கள். லாபத்துக்கு நடக்கும் கல்லூரிகள் தங்கள் வருவாயில் 90 விழுக்காட்டுக்கு மேல் மத்திய அரசின் மாணவர் உதவித் தொகையாக இருக்கக் கூடாது என்று விதி. ஆனால் ஜி.ஐ. பில் பணம் அந்தத் தொண்ணூறில் சேராது என்று ஓர் ஓட்டை இருந்தது. எனவே ஒவ்வொரு முன்னாள் வீரரும் அவர்களுக்கு மற்ற மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள வழிவிடும் சாவி. அரசின் இணையதளம் போலத் தோன்றும் ஒரு தளத்தை நடத்தி, விவரம் கேட்டு வந்த வீரர்களை இப்படிப்பட்ட கல்லூரிகளுக்குத் திருப்பிவிட்ட விளம்பர நிறுவனம் ஒன்று, 2012இல் பல மாநில அரசுகள் தொடுத்த நடவடிக்கையில் அந்த முகவரியையே நலத்துறையிடம் ஒப்படைக்க நேர்ந்தது. 2015இல் கொரிந்தியன், 2016இல் ஐ.டி.டி. டெக் என இத்தகைய இரு கல்லூரிக் குழுமங்கள் திடீரென மூடின. படித்தவர்களின் கிரெடிட்டை வேறு கல்லூரிகள் பல ஏற்கவில்லை. இழந்த மாதங்களைத் திருப்பித்தர 2017ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஓட்டையை அடைக்க 2021 ஆயிற்று. சேர்வதற்கு முன்பே நடுநிலையாக ஆலோசனை சொல்ல ஒருவர் இருந்திருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள்.

வகுப்பறைக்குள் நிலைமை வேறு. முன்னாள் வீரர் என்றதும் பொதுப் புத்தியில் வருவது மனம் உடைந்த மனிதரின் சித்திரம். போர்க் காயமும் மனக்காயமும் மெய்தான். பின்சுவரை ஒட்டி, கதவு தெரியும்படி உட்காரும் மாணவரைப் பேராசிரியர்கள் அறிவார்கள். ஆனால் நலத்துறையிடம் ஊனமாகப் பதிவாகும் பாதிப்புகளில் முதலிடம் காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சலுக்கு. பீரங்கிக்கும் விமான எந்திரத்துக்கும் பக்கத்தில் வேலை செய்ததன் விளைவு. விரிவுரை பாதி கேட்காது, குழு விவாதத்தில் எதுவும் பிரிந்து கேட்காது. முன்வரிசை இடமும் எழுத்து வடிவக் குறிப்பும் கொடுத்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை. அதற்கு அவர் ஊனமுற்றோர் சேவைப் பிரிவில் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். உதவி கேட்பது தோழனுக்குப் பாரமாவது என்று பழகிய மனிதர் போகமாட்டார். என்னைவிட மோசமாக அடிபட்டவன் இருக்கிறான், அவனுக்குக் கொடுங்கள் என்பார். அதோடு பக்கத்து இருக்கை மாணவர் கேட்கும் கேள்வி: யாரையாவது கொன்றிருக்கிறாயா? இதைக் கேட்காத முன்னாள் வீரர் அபூர்வம். கேட்டபின் பலர் தங்கள் பணியைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஆகவேதான் வளாகத்தில் அவர்களுக்கென ஒதுக்கும் அறை முக்கியம். பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. சோபா, காபி எந்திரம், மைக்ரோவேவ், இலவசப் பிரிண்டர், சுவரில் வந்துபோனவர்கள் ஒட்டிய படைப்பிரிவுச் சின்னங்கள். முன்மேசையில் உட்கார்ந்திருப்பவரே ஒரு மாணவர், முன்னாள் வீரர். குறைந்தபட்சக் கூலி தந்து இவர்களை வேலைக்கு வைக்க நலத்துறையில் ஒரு திட்டம் உண்டு. பிரிண்ட் எடுக்க வருபவர் காபி குடிக்க உட்காருவார். பேச்சுவாக்கில் தூக்கம் வரவில்லை என்பார். முன்மேசைக்காரர் தனக்கும் அப்படி இருந்தது, மூன்றாவது மாடியில் இருக்கும் ஆலோசகரைப் போய்ப் பார்த்தேன் என்பார். நலத்துறை மருத்துவமனைகளின் மனநல ஊழியர்களை வளாகத்துக்கே அனுப்பும் 'வைட்டல்' திட்டமும், 2009இல் தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வளாக ஆலோசகர் திட்டமும் பலித்த இடங்களில் எல்லாம் இந்த மாதிரி ஓர் அறை வழியாகத்தான் ஆட்கள் போனார்கள் என்பது என் கணிப்பு. சுவரொட்டியை நம்பி யாரும் போவதில்லை, ஏற்கெனவே போய்வந்தவர் சொன்னால் போகிறார்கள். இந்த அறைகளில் ஆண்களின் ராணுவப் பேச்சே ஓங்கியிருப்பதால் பெண் வீரர்கள் ஒதுங்கிப்போகிறார்கள் என்ற குறை பல இடங்களில் எழுந்திருக்கிறது. அதையும் அக்கறையோடு சரிசெய்ய வேண்டும்.

படையில் கற்றதற்குக் கல்லூரி மதிப்பு தருமா என்பது தீராத சண்டை. போர்க்களத்தில் உயிர் காத்த மருத்துவ உதவியாளர் முதலாண்டு முதலுதவி வகுப்பில் மறுபடி உட்காருகிறார். ராணுவப் பயிற்சிகளை மதிப்பிட்டு, எதற்கு எத்தனை கிரெடிட் தரலாம் என்று அமெரிக்கக் கல்வி மன்றம் பரிந்துரைக்கிறது. ஏற்பதும் மறுப்பதும் கல்லூரியின் விருப்பம். விருப்பப் பாடக் கணக்கில் ஏற்றுக்கொண்டு, பட்டத்துக்கு வேண்டிய முதன்மைப் பாடக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் நடக்கிறது. அக்னிபத் திட்டத்தை இந்தியா 2022இல் அறிவித்தபோது, பணிக்காலப் பயிற்சிக்கே பாதி கிரெடிட் தரும் பட்டப்படிப்பை இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அறிவித்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். நான்கே ஆண்டுகளில் நான்கில் மூவர் படையிலிருந்து வெளியே வரும் திட்டம் அக்னிபத். பட்டத்தை முன்கூட்டியே யோசித்தது நல்லது. அவர்கள் நேர்வகுப்புக் கல்லூரிகளுக்கு வரும்போது பதிவாளர் அலுவலகத்தில் யார் இருப்பார் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும்.

கடைசியாக, வாசலுக்கே வர முடியாதவர்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் சலுகை முழு மதிப்போடு விடுவிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான். போரிலிருந்து திரும்பியபின் குடித்ததற்கும் சொல்லாமல் போனதற்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகிக் குறைந்த தரத்தில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு இல்லை. அந்த நடத்தைக்குப் பின்னால் பல நேரங்களில் இருந்தது சிகிச்சை பெறாத மனக்காயம். யேல் சட்டக் கல்லூரியின் படைவீரர் சட்ட உதவி மையத்து மாணவர்கள், வியட்நாம் காலத்தில் இப்படி வெளியேற்றப்பட்டவர்களுக்காக 2014இல் வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல், மனக்காயத்தைக் கருத்தில் கொண்டு இத்தகைய விண்ணப்பங்களைத் தாராளமாகப் பரிசீலிக்கும்படி மறுஆய்வு வாரியங்களுக்கு எழுத்தில் அறிவுறுத்தினார். இன்று பல சட்டக் கல்லூரிகளில் இப்படி மையங்கள் நடக்கின்றன. பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்களே மருத்துவப் பதிவுகளைத் தேடி எடுத்து, சக வீரர்களின் வாக்குமூலம் வாங்கி, வாரியத்தின் முன் வாதாடுகிறார்கள். ஒரு விண்ணப்பத்துக்கு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. விடுவிப்புத் தரம் முழு மதிப்புக்கு உயர்ந்து, பணிக்காலமும் விதிக்குள் வந்தால், அந்த மனிதருக்கும் 36 மாதப் படிப்பு கிடைக்கும்.